பொதுக் கணினி வாசகத்திற்கு ஓர் உரை

எழுமுன் வெளியேறுக. உலாவியதும் தேடியதும் அழிக்க. நிரப்பியது நிற்கும். தன் சுவடே தொடுக.

இது ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவில், போட்டோஸ்டெட் கடையொன்றின் பொதுக் கணினியருகே ஒட்டப்பெற்ற வாசகம். 1998-இல் திறக்கப்பெற்ற இரண்டாவது இணைப்புப் பாலம் இவ்வூர்க்கு அணித்தாகலின், சிங்கப்பூர் செல்வார் வருகை அட்டை நிரப்பவும் ஐசி என்னும் அடையாள அட்டையின் நகல் எடுக்கவும் ஒரே விசைப்பலகையை மாறிமாறித் தொடுவர். அவர்பொருட்டு எழுந்தது இது.

எழுமுன் வெளியேறுக: நாற்காலியினின்று எழுதற்கு முன்பே தன் கணக்கிலிருந்து வெளியேறுக என்றவாறு. சன்னலை மூடுதல் வெளியேறுதல் ஆகாது; உள்நுழைந்தார் இன்னார் எனக் காட்டும் குக்கீஸ் கணினியிலேயே கிடத்தலின், அடுத்து அமர்வார் அதே தளத்தைத் திறப்பின் முன்னவர் அஞ்சற்பெட்டி விரியும். அற்றேல், அழித்தலை முன்னும் வெளியேறுதலைப் பின்னும் வைத்தல் முறையன்றோ எனின், அற்றன்று. குரோமில் தன் கணக்கை இணைத்து வைத்தபடியே வரலாற்றை அழிப்பின், இணைந்த வீட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள வரலாறும் உடன் அழியும். வெளியேறிப் பின் அழிப்பின் இக்கணினி ஒன்றே துடைபடும். ஆகலின் வைப்புமுறையே செய்முறை என்க.

உலாவியதும் தேடியதும் அழிக்க: உம்மைகள் எண்ணுப்பொருளன. இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு ஒன்றை அழித்து அமைவார் பலராகலின் பிரித்து ஓதினார். உலாவியது, சென்ற பக்கங்களின் நிரல்; பிரவுசரில் உள்ளது. கன்ட்ரோல், ஷிப்ட், டிலீட் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தின் அழிக்கும் பெட்டி தோன்றும். தேடியது, தேடற்கட்டத்தில் இட்ட சொல். கூகுள் கணக்கினுள் இருந்து தேடியதாயின் அக்கணக்கிலும் பதிந்திருத்தல் கூடும்; பிரவுசரைத் துடைத்தலால் அது நீங்காது. 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் தனியே நீக்கல் வேண்டும். அதனைத் தன் கைப்பேசியிலேயே செய்யலாம் ஆதலின், முன்னரே வெளியேறியதனால் குறையில்லை.

மறைநிலைச் சன்னலில் உலாவின் இவை வேண்டாவோ எனின், அச்சன்னல்கள் அனைத்தையும் மூடியபின் அக்கணினியில் வரலாறு நில்லாது என்பதே அதன் பயன். தளங்களும் இணையம் வழங்குவோரும் அறியார் என்பதன்று. இப்பொருள்பற்றி 2020-இல் கலிபோர்னியாவில் தொடுக்கப்பெற்ற வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் கூகுள் உடன்பட்டது.

நிரப்பியது நிற்கும்: படிவத்தில் தட்டியது, மேற்கூறியவற்றை அழித்த பின்னும் நிற்கும் என்றவாறு. அழிக்க என ஏவாது நிற்கும் என இயல்பு கூறியது, கற்பார் கண்ணில் எளிதிற் படாமையின். வரலாற்றிற்கு இட்ட சரிக்குறி இதனைச் சாராது. தானே நிரப்பும் படிவத் தரவிற்கு வேறு குறி உண்டு. இவ்வாசகத்தின் உயிர் இவ்விரு சொல்லே என்பது கருத்து. சான்றாக, ஐசி எனப்படும் மைகாட் அட்டையின் எண் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடக்குறி, ஜொகூர்க்கு 01. கடை இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். அடுத்து வருவார் கட்டத்தில் முதல் இலக்கத்தைத் தட்டிய அளவில் முன்னவர் எண் முழுதும் கீழே தொங்குமாயின், அறிமுகமில்லாதார்க்கு அவர் பிறப்புச் செய்தி ஒருங்கே போயிற்று. குரோமில் தொங்கும் அவ்வரியைக் கீழ்நோக்கும் அம்புவிசையால் தேர்ந்து, ஷிப்டும் டிலீட்டும் சேர அழுத்தின் அவ்வொன்று மட்டும் நீங்கும்.

நிரப்பியது என்றது உபலக்கணம், இறக்கியதும் கொள்க. அச்சிடற்கு இறக்கிய சம்பளச் சீட்டும் ஐசி நகலும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும். இறக்கிய வரலாறு அழிந்தாலும் கோப்பு அழியாது. கோப்பை அழித்தாலும் மறுசுழற்சித் தொட்டியில் தங்கும். அதனையும் பார்க்க.

தன் சுவடே தொடுக: ஏகாரம் பிரிநிலை; பிறர் சுவட்டை விலக்கிற்று. அழிக்கும் பெட்டியில் சிறுபொழுது முதல் எல்லாக் காலமும் ஈறாகக் கால அளவுகள் உள. அஞ்சி எல்லாக் காலமும் என்பதைத் தேர்வார், கடைக்காரர் சேமித்த கடவுச்சொற்களுக்கும் குறியிட்டிருப்பின் அவற்றையும் உடன் துடைப்பர். தான் அமர்ந்த பொழுதை அடக்கும் சிற்றளவே தக்கது. அதனுள்ளும் பிறருடையன கலந்திருப்பின், வரலாற்றுப் பக்கத்தில் தன் வரிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து நீக்குக. தொடுக என்னும் சொல் பார்த்தலையும் அடக்கும். ஆகலின் பிறர் ஐசி நகல் கோப்புறையிற் கிடக்கக் காணின், திறவாது கடைக்காரரிடம் சொல்லி எழுக.