ஏழு கோலும் ஒரு கோல்கீப்பரும்

1/
2023 செப்டம்பர் 30. சீனாவின் ஹாங்சோ நகரம். ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் ஹாக்கி. இந்தியா 10, பாகிஸ்தான் 2. கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் மட்டும் 4 கோல். அன்னிக்கு ராத்திரி நம்ம டைம்லைன் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?

2/
மீம்ஸ், பட்டாசு, கிண்டல். கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காதவங்க கூட அன்னிக்கு ஹாக்கி ரசிகர்கள் ஆனாங்க. தப்பே இல்லை, நானும் கொண்டாடினேன். இரு அணிகளும் மோதிய வரலாற்றிலேயே மிகப்பெரிய வித்தியாச வெற்றி அதுதான்.

3/
வயசானவங்க சிலர் மட்டும் "அப்பாடா, 1982 கணக்கு தீர்ந்தது"ன்னு பெருமூச்சு விட்டாங்க. இளையவர்களுக்கு அது என்னன்னு புரியலை. அந்தக் கதையைத்தான் இந்த த்ரெட்டில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

4/
1982 டிசம்பர் 1, டெல்லி தேசிய மைதானம். ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதி ஆட்டம். அந்த வருஷம்தான் இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது. பக்கத்து வீட்டு டிவி முன்னாடி மொத்தத் தெருவும் உட்கார்ந்து பார்த்த காலம். மைதானத்தில் பிரதமர் இந்திரா காந்தியே இருந்தார்.

5/
முதல் கோல் போட்டது யார் தெரியுமா? இந்தியா! கூட்டம் கூத்தாடியது. அதுக்கப்புறம் நடந்ததை இன்னிக்கும் பலர் பேச விரும்ப மாட்டாங்க. ஒன்று, இரண்டு, மூன்று என்று பாகிஸ்தான் வரிசையாக ஏழு கோல் அடித்தது. முடிவு 7-1. சொந்த மண்ணில், பிரதமர் முன்னிலையில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

6/
தோற்றது பதினோரு பேர் கொண்ட அணி. ஆனா ரசிகர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒரே ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகம் கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி.

7/
பணம் வாங்கிக்கொண்டு கோலை விட்டார் என்றார்கள். துரோகி என்றார்கள். பெயரில் "மீர்" இருந்ததால் அவர் முஸ்லிம், அதனால்தான் பாகிஸ்தானுக்கு விட்டுக்கொடுத்தார் என்றும் பேச்சு கிளம்பியது. நேகி இந்து என்பது கூட யாருக்கும் தெரியலை. முஸ்லிமாகவே இருந்திருந்தாலும் அது எப்படி ஆதாரமாகும்? அன்னிக்கு இந்திய அணியின் கேப்டனே ஜாஃபர் இக்பால்தான்!

8/
ஊழலுக்கான ஆதாரம் அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை. ஆனா அந்த மனுஷனின் ஆட்ட வாழ்க்கை அதோடு முடிஞ்சது. வெளியே தலைகாட்ட முடியாமல் வாழ்ந்த நாட்களைப் பற்றிப் பின்னாளில் பேட்டிகளில் அவரே பேசியிருக்கிறார்.

9/
இரவு டியூட்டி பார்த்த எந்த டாக்டருக்கும் இந்தக் காட்சி புதுசில்லை. காலையில் நெஞ்சுவலி. "வாயுத் தொல்லை"ன்னு சோடா குடிச்சாச்சு. மதியம் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. சாயங்காலம் ஒரு கிளினிக், அங்கே ஈசிஜி வசதி இல்லை. ராத்திரி 11 மணிக்கு வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது நாடித் துடிப்பே இல்லை.

10/
யார் சட்டையைப் பிடிப்பாங்க? கடைசியாக நோயாளியைத் தொட்ட அந்த டியூட்டி டாக்டர் சட்டையைத்தான். காலையிலிருந்து தப்பிப் போன நாலு வாய்ப்புகள் யார் கண்ணிலும் படாது. கண்ணில் படுவது கடைசி ஆள் மட்டும்தான்.

11/
இதை விளக்க மருத்துவத்தில் "ஸ்விஸ் சீஸ் மாடல்"னு ஒன்று சொல்லுவோம். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தந்தது. பாதுகாப்பு என்பது அடுக்கி வைத்த சீஸ் துண்டுகள் மாதிரி. ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் விபத்து. கடைசித் துண்டை மட்டும் திட்டிப் பயனில்லை.

12/
ஹாக்கியில் கோல்கீப்பர்தான் அந்தக் கடைசித் துண்டு. ஒரு பந்து அவரிடம் வருவதற்கு முன்னாடி முன்களம், நடுக்களம், தடுப்பாட்டம் எல்லாத்தையும் தாண்டியிருக்கணும். ஏழு கோல் விழுந்தால் குறைந்தது ஏழு தடவை எல்லா அடுக்கும் உடைந்திருக்குன்னு அர்த்தம்.

13/
சரி, ஓட்டைகள் எங்கே இருந்தன? முதலாவது, எதிரே இருந்த அணி. ஹசன் சர்தார், கலீமுல்லா, சமியுல்லா, ஹனீஃப் கான், மன்சூர் ஜூனியர். ஹாக்கி தெரிஞ்ச பெரியவங்ககிட்ட இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்க, கண் விரியும். 1978-லும் 1982-லும் அடுத்தடுத்து உலகக் கோப்பை வென்ற அணி. 1982 கோப்பை நம்ம பம்பாயிலேயே நடந்தது. அதில் இந்தியாவுக்கு 5-ஆம் இடம்.

14/
ஆசிய விளையாட்டிலும் 1970, 1974, 1978 மூன்றிலும் தங்கம் பாகிஸ்தானுக்கு, வெள்ளி இந்தியாவுக்கு. ஆக 1982-இல் தோற்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏழு என்ற எண்ணிக்கைதான் அதிர்ச்சி.

15/
இரண்டாவது ஓட்டை, தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாக ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியது. மண்ணிலும் புல்லிலும் பந்து குதிக்கும், மணிக்கட்டு வித்தை காட்டுறவன்தான் ராஜா. செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், அங்கே வேகமும் மூச்சும்தான் ராஜா. நம்ம பிள்ளைகள் மண்ணில் விளையாடி வளர்ந்தவங்க. அந்த மாண்ட்ரியலில் இந்தியாவுக்கு 7-ஆம் இடம்.

16/
"இருங்க டாக்டர், 1980 மாஸ்கோவில் நாம தங்கம் வாங்கினோமே?" வாங்கினோம். கேப்டன் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். பெருமைதான். ஆனா அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து யாருமே வரலை.

17/
வயிற்றுவலிக்கு ஊசி போட்டதும் வலி அடங்கிடும். "சரியாயிடுச்சு"ன்னு வீட்டுக்குப் போயிடுவாங்க. உள்ளே குடல்வால் அழுகிக்கிட்டு இருக்கும். மாஸ்கோ தங்கம் அந்த ஊசி. டெல்லியில் அது வெடித்தது. வெடித்த நேரத்தில் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு நேகி மாட்டிக்கிட்டார்.

18/
நான் சொல்றதுக்கு என்ன ஆதாரம்னு கேட்பீங்க. நேகியைத் தூக்கியாச்சு. "நோய்" அவர்தான்னா உடம்பு தேறியிருக்கணும் இல்லையா? 1986 லண்டன் உலகக் கோப்பை. மொத்தம் 12 அணிகள். இந்தியாவுக்கு 12-ஆம் இடம். கடைசி! அந்த அணியில் நேகி இல்லை.

19/
அதைவிட ஒரு வேடிக்கை. 11-ஆம் இடம் யாருக்குத் தெரியுமா? பாகிஸ்தானுக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி டெல்லியில் நம்மை ஏழு கோல் போட்டு நொறுக்கிய அதே நாடு. ஒரு தலைமுறை வீரர்கள் ஓய்வு பெற்றதும் அவங்க ஓட்டையும் வெளியே தெரிஞ்சுடுச்சு. 7-1 அன்னிக்கு கராச்சியிலும் லாகூரிலும் கொண்டாடியவங்களும் அந்த வியாதியைக் கவனிக்கலை. வெற்றியும் ஒரு வலி ஊசிதான்.

20/
1982 டெல்லியில் நாம மறந்த இன்னொரு விஷயம் இருக்கு. ஆசிய விளையாட்டில் பெண்கள் ஹாக்கி முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது அந்த வருஷம்தான். தங்கம் வென்றது யார்? இந்தியா. கேப்டன் எலிசா நெல்சன். ஆண்கள் தோற்றதைத் திட்டவே நேரம் பத்தலை, பெண்கள் வென்றதைக் கொண்டாட யாருக்கு நேரம் இருந்தது?

21/
நேகி கதைக்கு வருவோம். 16 வருஷம் கழித்து, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்திய அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளராக அவர் திரும்பி வந்தார். கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனே பக்கம் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இறுதி ஆட்டம் தென் கொரியாவுடன். சமனில் முடிந்து பெனால்டி ஸ்ட்ரோக் வரை போனது.

22/
அங்கே ஜெயிக்க வைத்தது யார் தெரியுமா? கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால்! 1966-க்குப் பிறகு, 32 ஆண்டுகள் கழித்து ஆசியத் தங்கம். ஒரு கோல்கீப்பர் மேல் சுமத்திய பழியை அவர் பயிற்சி கொடுத்த இன்னொரு கோல்கீப்பர் துடைத்தார். கொடுமை என்னன்னா, அடுத்த தொடருக்கே தன்ராஜ், பல்லால் உட்படப் பலரை அணியிலிருந்து நீக்கினாங்க. தோற்றாலும் தண்டனை, ஜெயித்தாலும் தண்டனை.

23/
2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றபோதும் கோல்கீப்பர் பயிற்சியாளர் நேகிதான். 2007-இல் வந்த "சக் தே இந்தியா" படத்தில் ஷாருக் கானுக்கும் அந்தப் பெண்களுக்கும் ஹாக்கி சொல்லிக்கொடுத்தவரும் அவரே. படத்தில் வரும் "துரோகி" பழி எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா?

24/
இன்னொரு தேதி. 2017 ஜூன் 18, லண்டன். ஹாக்கியில் இந்தியா 7, பாகிஸ்தான் 1. ஆமாங்க, 35 வருஷம் கழித்து அதே ஸ்கோர், அப்படியே திருப்பி! ஆனா நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அதே நாள், அதே ஊரில், சாம்பியன்ஸ் டிராபி கிரிக்கெட் இறுதியில் பாகிஸ்தானிடம் 180 ரன்னில் தோற்று அழுதுக்கிட்டு இருந்தோம்.

25/
ஆக கணக்கு 2017-லேயே தீர்ந்துடுச்சு. நமக்குத் தெரியலை, அவ்வளவுதான். ரசிகர்களின் "வரலாறு" இப்படித்தான். ஆட்டத்தை மறந்துடுவோம், காயத்தை மட்டும் நினைவில் வைப்போம்.

26/
இப்போ ஹாங்சோவுக்குத் திரும்பி வாங்க. அன்னிக்கு 10 கோல் வாங்கிய பாகிஸ்தான் கோலுக்கு முன்னாடியும் ஒருத்தர் நின்றார். அவருக்கும் ஊர் இருக்கு, வீடு இருக்கு, பேசுற வாய்கள் இருக்கு. 2016, 2020, 2024 என்று மூன்று ஒலிம்பிக்குக்குத் தொடர்ந்து தகுதி பெற முடியாத நாட்டின் ஹாக்கியை அவர் ஒருத்தரா கெடுத்தார்?

27/
கொண்டாடுங்க. நொறுக்கிய வெற்றியைக் கொண்டாடாமல் வேறெதைக் கொண்டாடுவது? ஆனா அடுத்த தடவை நம்ம அணி மோசமாகத் தோற்கும்போது, கை போனை எடுத்து ஒருத்தர் பெயரை டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நேகியை நினைச்சுக்கோங்க. பந்து அவரிடம் வருவதற்கு முன் எத்தனை பேரைத் தாண்டியதுன்னு எண்ணிப் பாருங்க.

28/
ஆஸ்பத்திரியிலும் இதே வேண்டுகோள்தான்.

உங்க வீட்டில் 1982 ஆட்டத்தை டிவியில் பார்த்த பெரியவங்க இருந்தா, இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்க. கோல்கீப்பரைப் பற்றி என்ன சொல்றாங்கன்னு கவனிங்க. அப்புறம் இந்தக் கதையைச் சொல்லுங்க.