சில்லுக்கும் காருக்கும் நடுவில் ஒரு தட்டு

ஹம் காமாட்சி அம்மன் கோவில் தேருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, என்னோடு குசினியில் வேலை செய்பவரின் மகன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே நாலு அலுமினியத் தட்டுகள். ஒவ்வொன்றும் 10 மில்லிமீற்றர் தடிப்பு. ஆரோ பாவித்ததை மலிவாக வாங்கியிருக்கிறான். சில்லைக் கழற்றி, அது பூட்டப்படும் முகத்தில் இந்தத் தட்டை வைத்து, திரும்பவும் பூட்டினால் சில்லு அந்தளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். ஜேர்மன்காரர் 'ஸ்பூர்பிளாட்டன்' என்பார்கள், ஆங்கிலத்தில் வீல் ஸ்பேசர். கோவிலுக்கு வருகிற பெடியளின் கார் எல்லாம் பதிந்து அகலமாக நிற்க, தன்னுடைய பழைய நாலாம் கோல்ஃப் மட்டும் சில்லை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

"மாமா, ஒரு மணித்தியால வேலைதான். நீங்கள் ஜக்கை மட்டும் பிடியுங்கோ."

பிடித்தேன். ஒரு தட்டை வைத்து, சில்லை ஏற்றி, காரோடு வந்த பழைய போல்ட்டைக் கையால் சுற்றினான். "எண்ணிக்கொண்டு சுத்தடா" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு இறுகிவிட்டது. அதே போல்ட் தட்டு இல்லாமல் பத்துச் சுற்றுப் போனது. "கழட்டு" என்றேன். அவனுக்கு முகம் கறுத்துப்போச்சு. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மாட்டுவண்டியில் சில்லுத்தான் அச்சில் சுற்றும், அச்சு சுற்றாது. கடையாணிக்கு ஒரே வேலை, சில்லு வெளியே கழன்று ஓடாமல் மறிப்பது. காரில் கதை வேறு. இழுப்பதும் பிரேக் பிடிப்பதும் சில்லு பூட்டப்பட்ட அந்த முகத்தினூடாகத்தான் நடக்கின்றன. ஆணியில் கலண்டர் தொங்குவது போல போல்ட்டில் கார் தொங்குகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படியில்லை. இறுக்கும்போது போல்ட் ஒரு மயிரிழை இழுபட்டு, ஸ்பிரிங் மாதிரி நின்று, சில்லை அந்த முகத்தோடு நெருக்கிப் பிடிக்கிறது. நாலாம் கோல்ஃபின் போல்ட்டுக்குச் சொல்லப்பட்ட 120 நியூட்டன் மீற்றரில் இறுக்கினால், கிட்டத்தட்ட 3, 4 தொன் அமுக்கம் ஒரு போல்ட்டில் மட்டும் வரும். அந்த அமுக்கத்தில் இரண்டு உலோக முகங்களுக்கு இடையில் உண்டாகும் உராய்வுதான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் துருவோ பெயின்ரோ மண்ணோ இருந்தால், ஓட ஓட அது நசிந்து கொட்டும், போல்ட் தளரும். தட்டு வைத்தால் ஒரு முகம் இருந்த இடத்தில் இரண்டு.

இதை மனிதர் ஒரே நாளில் கற்கவில்லை. முதல் கார்களில் சில்லைச் சுலபமாகக் கழற்ற முடியாது. ரயர் வெடித்தால் றோட்டோரத்தில் குந்தி, சில்லு காரிலேயே இருக்க ரயரை உரிக்கவேண்டும். கொவென்ரி நகரில் சைக்கிள் செய்த ரட்ஜ்-விட்வேர்த் கொம்பனி, நடுவில் ஒரேயொரு பெரிய நட்டால் பிடிக்கும் கம்பிச் சில்லைக் கொண்டுவந்தது. 1908இல் டியெப் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிறீயில் அதை அனுமதிக்கவில்லை. இங்கிலாந்தின் நேப்பியர் அணி அதனால் விலகியே போனது. கழற்றக்கூடிய சில்லு அன்றைக்கு அவ்வளவு சந்தேகத்துக்குரிய சாமான்!

அடுத்த சந்தேகம் மரையில். ஓடும் திசையே நட்டைத் தளர்த்திவிடும் என்ற பயத்தில், இடப்பக்கச் சில்லுகளுக்கு இடது மரை வைத்தார்கள். அமெரிக்காவில் கிறைஸ்லர் கொம்பனி 1970 வரையும் பல கார்களில் அதை வைத்திருந்தது. பிரித்தானிய லொறிகளிலும் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஒழுங்கை முடக்கில் இருந்த கராஜில் ஒரு பெட்போர்ட் லொறி நின்றது. புதிதாக வந்த பெடியன் இடப்பக்க நட்டைக் கழற்றுவதாக நினைத்து, ஸ்பனரில் பைப் கொளுவி, அதன்மேல் ஏறி நின்று இறுக்கினான். 'டக்' என்று ஸ்ரட் முறிந்தது. உதிரிப்பாகம் வராத காலம். அந்த லொறி எத்தனை நாள் நின்றது என்று நினைவில்லை, பெடியன் வாங்கிய பேச்சு நினைவிருக்கிறது. பிறகு கூம்பு, உருண்டை வடிவத் தலைகளும் சரியான இறுக்கமும் போதும் என்று தெரிந்து கார்களில் இடது மரை ஒழிந்துபோனது.

சில்லை வெளியே தள்ளும் ஆசைக்கும் வயது இருக்கிறது. 1959இல் அமெரிக்காவின் பொன்ரியாக் காருக்கு அகலமான உடம்பு செய்தார்கள். கீழே பார்த்தால் சில்லுகள் உள்ளே ஒடுங்கி அசிங்கமாக நின்றன. சில்லுகளை ஏறக்குறைய 5 அங்குலம் அகட்டி, 'வைட் ட்ராக்' என்று விளம்பரம் செய்தார்கள். வடிவுக்காகத் தொடங்கியது, வளைவில் நல்லாக நிற்கிறது என்று விற்பனையானது. ஆனால் அவர்கள் அச்சையே அகலமாகச் செய்தவர்கள், தட்டு வைக்கவில்லை. ஜேர்மனியில் 1976இல் கோல்ஃப் ஜிரிஐ வந்தபிறகு, ஏழைப் பெடியனும் காரை மாற்றிப் பார்க்கலாம் என்ற காலம் வந்தது. 1982இல் ஒஸ்ரியாவின் வேர்தர்சே ஏரிக்கரையில் அந்தக் கார்க்காரர் கூடத் தொடங்கினார்கள். 1991இல் 'மன்ரா, மன்ரா' என்று படமே வந்தது. தட்டு விற்பவர்களுக்கு நல்ல காலம்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் திட்டும் 'ரியூவ்' வருகிறது. அதன் வேர் காரில் இல்லை. 1865இல் மன்ஹைம் நகரில் ஒரு பியர் ஆலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த வருடமே கொதிகலன் முதலாளிமார் தாங்களாகச் சேர்ந்து பரிசோதனைச் சங்கம் தொடங்கினார்கள். அப்படியான சங்கங்களில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய ரியூவ். கார்களுக்குக் காலமுறைப் பரிசோதனை 1951இல் கட்டாயமானது, நம்பர் தகட்டில் வட்டமாக ஒட்டும் ஸ்ரிக்கர் 1961இல் வந்தது. தட்டுப் போட்ட காரை உரிய பத்திரத்தோடு பரிசோதகரிடம் காட்டிப் பதியவேண்டும். பதியாமல் ஓடினால் வாகன அனுமதியே செல்லாமல் போகலாம், விபத்தென்றால் காப்புறுதியோடும் இழுபறி. நானும் முன்பு இதைக் காசு பிடுங்கும் வேலை என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

திரும்பப் பெடியனிடம் வருவோம். அவன் கோல்ஃபில் 14 மில்லிமீற்றர் போல்ட், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்தது ஏழரைச் சுற்று வேண்டும் என்பது தட்டுச் செய்பவர்களே எழுதும் கணக்கு. பழைய 12 மில்லிமீற்றர் போல்ட் என்றால் ஆறரை. 10 மில்லிமீற்றர் தட்டு ஆறரைச் சுற்றுக்கு மேல் தின்றுவிட்டது. மூன்று சுற்றில் 120 போட்டால் மரை உரியும், அல்லது இறுகின மாதிரி நடித்துவிட்டு அவுட்டோபானில் உரியும். அதில் அவன் தங்கச்சியும் ஏறுவாள்.

இன்னொரு குறை அவன் கண்ணில் படவேயில்லை. சில்லைச் சரிநடுவில் நிறுத்துவது போல்ட் இல்லை, அச்சு முகத்தின் நடுவில் நீட்டி நிற்கும் வளையம். கோல்ஃபில் அதன் விட்டம் 57.1 மில்லிமீற்றர். அவனுடைய தட்டு அந்த வளையத்தை விழுங்கிவிட்டு, தன் பங்குக்கு வளையம் எதுவும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. பல கார்களுக்கும் பொருந்தவென்று சுற்றிவரத் துளைகள் வேறு.

கடைசியில் பத்திரத்தோடு புதுச் சோடி வாங்கினான். 15 மில்லிமீற்றர், தனக்கென்று வளையம் உள்ளது. போல்ட்டும் அதே 15 மில்லிமீற்றர் நீளம் கூடியது. கம்பனி றிம் என்பதால் உருண்டைத் தலை. வெளியில் வாங்கும் றிம்களுக்குப் பெரும்பாலும் கூம்புத் தலை, மாறிப் போட்டால் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். போல்ட் அளவுக்கு மிஞ்சி நீண்டாலும் ஆபத்து. பின்னால் கைபிரேக் பாகங்கள் இருக்கிற கார்களில் போய் இடிக்கும். முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வைத்தேன். எத்தனையோ குளிர்கால உப்பு, செதில் செதிலாகக் கொட்டியது. மரைக்குக் கிறீஸ் பூசப் போனான், கையைத் தட்டிவிட்டேன். கிறீஸ் பட்டால் அதே 120இல் போல்ட் கணக்குக்கு மேல் இழுபடும். பிறகு நட்சத்திரம் கீறுகிற மாதிரி மாறி மாறி இறுக்கி, காரை இறக்கி, டோர்க் ஸ்பனரில் கடைசி இறுக்கம். ரிவால்வர் மாதிரிச் சத்தம் போடும் மெஷினைத் தொடவிடவில்லை.

முதல் 50 கிலோமீற்றருக்குப் பிறகு திரும்ப இறுக்கவேண்டும். தேரன்று கோவிலுக்குப் போனபோது அந்தக் கணக்குச் சரியாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் குந்தியிருந்து இருபது போல்ட்டையும் பார்த்தான். பத்தொன்பது அசையவில்லை. முன் வலப்பக்கத்தில் ஒன்று கால் சுற்று வந்தது.