பாஸ் சட்டங்கள் (தென்னாப்பிரிக்கா)

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அல்லாதார், குறிப்பாகக் கறுப்பின மக்கள், எங்கே வசிக்கலாம், யாரிடம் வேலை பார்க்கலாம், எந்த நகரில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை அனுமதிச் சீட்டின் மூலம் கட்டுப்படுத்திய சட்டங்கள். 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இவை பல பெயர்களில் 1986 வரை நீடித்தன. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, 'அபார்தைட்' என்ற பெயரில் நிற ஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கியபோது அதன் அன்றாடக் கருவியாக அமைந்தது பாஸ்தான். போலீஸ்காரர் கேட்ட உடனே எடுத்துக் காட்ட வேண்டிய அந்தத் தாள் இல்லையென்றால், நகரங்களை வெள்ளையருக்கென ஒதுக்கும் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்காது. அதனால் எதிர்த்தவர்களும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தாளையே குறிவைத்தனர்.

தோற்றம்

டச்சுக்காரர் ஆண்ட கேப் பகுதியில், நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையே போய்வரும் அடிமைகள் எசமானரின் ஒப்புதல் சீட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1760இல் விதி வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில், 1809இல், கோய்கோய் மக்களுக்கும் பாஸ் கட்டாயமாயிற்று. கிம்பர்லியில் வைரமும் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கமும் கிடைத்த பிறகு சுரங்க முதலாளிகளுக்கு இது மிகவும் தேவைப்பட்டது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடும் தொழிலாளியைப் பிடித்துவரவும், கூலியைக் குறைவாக வைத்திருக்கவும் பாஸ் உதவியது.

ஆசியர் பதிவுச் சட்டம்

டிரான்ஸ்வாலில் 1907இல் வந்த சட்டம், இந்தியரும் சீனரும் கைரேகை பதித்துப் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. மோ. க. காந்தியும், மொரீசியஸில் பிறந்த தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும் பதிய மறுத்து 1908 ஜனவரியில் சிறை சென்றனர். தாமாகப் பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்ற உடன்பாடு காப்பாற்றப்படவில்லை என்று கூறி, அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி முன்னே மக்கள் திரண்டனர். 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினர். 1913இல் மாகாண எல்லையை அனுமதியின்றிக் கடந்த போராட்டத்தில், தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மையும் சிறை சென்றார். விடுதலையான சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார். இப்போராட்டங்கள் இந்தியர் உரிமைகளை மட்டுமே கோரின. கறுப்பின மக்களின் பாஸ் அப்படியே இருந்தது.

பெண்களின் எதிர்ப்பு

ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் பெண்களும் பாஸ் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1913இல் புளூம்ஃபொன்டைன் பெண்கள் பாஸ்களைத் திருப்பிக் கொடுத்துச் சிறைக்குப் போனார்கள். பிற்காலத்தில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் எனப் பெயர் மாறிய அமைப்பின் முதல் பொதுச்செயலாளரும் பத்திரிகையாளருமான சால் பிளாட்ஜே, 1916இல் வெளியான தம் நூலில் அப்போராட்டத்தைப் பதிவு செய்தார். அரசு 1950களில் பெண்கள்மீது மீண்டும் பாஸைத் திணிக்க முனைந்தபோது, 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்துக்குச் சென்றனர். லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசஃப், ரஹீமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வர் முன்னின்றனர். மனுக் கட்டுகளைப் பிரதமர் அலுவலகத்தில் வைத்துவிட்டு, கூட்டம் அரை மணி நேரம் பேச்சின்றி நின்றது.

1952ஆம் ஆண்டுச் சட்டம்

பாஸ்களை ஒழிப்பதாகப் பெயர் சூட்டிக்கொண்டு வந்த 1952ஆம் ஆண்டுச் சட்டம், பல சீட்டுகளுக்குப் பதில் ஒரே கையேட்டைக் கொண்டுவந்தது. 16 வயது நிறைந்த ஒவ்வொரு கறுப்பினத்தவரும் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். புகைப்படம், வேலை கொடுத்தவரின் கையொப்பம், வரி கட்டிய விவரம், நகரில் இருப்பதற்கான அனுமதி எல்லாம் அதில் இருந்தன. தகுதி இல்லாதவர் அனுமதியின்றி நகரப் பகுதியில் 72 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் குற்றம். மக்கள் அதை 'டொம்பாஸ்', அதாவது மடப் பாஸ், என்றே அழைத்தனர். 1916 முதல் 1984 வரை பாஸ் சட்டங்களின்கீழ் கைதானவர்களும் வழக்கைச் சந்தித்தவர்களும் 1.7 கோடிக்கும் அதிகம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

ஷார்ப்வில்

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மொழி கற்பித்துவந்த ராபர்ட் சோபுக்வே, தாம் தலைமை வகித்த பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸின் சார்பில் ஓர் எளிய போராட்ட முறையை அறிவித்தார்: பாஸை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போய், எங்களைக் கைது செய்யுங்கள் என்று நிற்பது. 1960 மார்ச் 21 அன்று அவரும் அப்படியே நடந்து சென்று கைதானார். அதே நாளில் ஷார்ப்வில் காவல் நிலையத்தின் முன் கூடியவர்கள்மீது போலீஸார் சுட்டதில் 69 பேர் இறந்தனர். பலருக்கு முதுகில் குண்டு பாய்ந்திருந்தது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுத்துலியும், அடுத்து நெல்சன் மண்டேலாவும் தங்கள் பாஸ்களை வெளிப்படையாக எரித்தனர். சில நாள் நிறுத்திவைக்கப்பட்ட சட்டம் ஏப்ரலில் திரும்ப வந்தது. இரு அமைப்புகளும் தடை செய்யப்பட்டன. லுத்துலிக்கு 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு கிடைத்தது. தண்டனைக் காலம் முடிந்த பின்னும் சோபுக்வேயை விடாதிருக்க நாடாளுமன்றம் தனி விதியே இயற்றியது. 1969 வரை அவர் ராபன் தீவில் தனியே வைக்கப்பட்டிருந்தார்.

எழுத்தில் பாஸ்

'டிரம்' இதழின் செய்தியாளர் ஹென்றி இங்க்சுமாலோ, ஜோகன்னஸ்பர்க் சிறையின் உள்நிலையை அறிவதற்காக, இரவில் பாஸின்றி நடமாடி வேண்டுமென்றே கைதானார். கைதிகளை நிர்வாணமாகக் குதிக்கவைத்துச் சோதித்த கொடுமையை அவர் 1954இல் எழுதினார்; பாப் கோசானி எடுத்த படம் அதற்குச் சான்றாயிற்று. அத்தோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா மூவரும் சேர்ந்து 1972இல் மேடையேற்றிய 'சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்' நாடகத்தின் கரு பாஸ் கையேடுதான். ஊரைவிட்டு வெளியேற உத்தரவு பெற்ற ஒருவன், தெருவில் கிடக்கும் பிணத்தின் கையேட்டை எடுத்துத் தன் படத்தை ஒட்டிக்கொள்கிறான். வேலை கிடைக்க அவன் தன் பெயரைச் சாகவிட வேண்டியிருக்கிறது. கானியும் இன்ட்ஷோனாவும் 1975இல் அமெரிக்காவின் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

நீக்கம்

வேலை தேடி நகருக்கு வருவோரைச் சிறையால் தடுக்க முடியாது என்பது 1980களில் அரசுக்கே புரிந்தது. உள்நாட்டுப் போராட்டமும் வெளிநாடுகளின் பொருளாதார நெருக்குதலும் வலுத்த நிலையில் 1986இல் பாஸ் சட்டங்கள் நீக்கப்பட்டன. மக்களை நிறவாரியாகப் பதியும் சட்டம் 1991 வரை இருந்தது. எல்லாரும் வாக்களித்த முதல் தேர்தல் 1994 ஏப்ரலில் நடந்தது. புதிய அரசியலமைப்புச் சட்டத்தில் அதிபர் மண்டேலா 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் கையெழுத்திட்டார். அதன் 21ஆம் பிரிவு, குடிமக்கள் நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கலாம் என்கிறது.

அந்த அரசியலமைப்பைக் காக்கும் நீதிமன்றத்தின் கட்டடம் 2004இல் ஜோகன்னஸ்பர்க்கில் திறக்கப்பட்டது. பாஸ் இல்லாமல் பிடிபட்டவர்களை அடைத்த பழைய சிறை வளாகத்தில், இடித்த விசாரணைக் கைதிகள் பகுதியின் செங்கற்களையும் சேர்த்து அது கட்டப்பட்டுள்ளது.