எல்காடர் ஊரும் கிளேட்டன் கவுன்டியும்

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், மிஸிஸிப்பிப் பேராற்றின் மேற்குக் கரையில் அயோவா என்றொரு மாநிலம் உண்டு. சோளமும் சோயாவும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த அம்மண்ணில், வடகிழக்கு மூலையிலே, டர்க்கி ஆறு என்னும் சிற்றாற்றங்கரையில் ஆயிரத்து இருநூறு பேர் மட்டுமே வாழும் ஓர் ஊர் இருக்கிறது. பள்ளிவாசல் இல்லாத ஊர். மூதாதையர் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் நார்வேயிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த கிறிஸ்தவர்கள். ஆனால் அவ்வூரின் பெயர் எல்காடர். அந்நாட்டார் நாவில் அது 'எல்கேடர்' என்று உருமாறி ஒலிக்கும். அல்ஜீரியாவின் மாவீரர் அமீர் அப்துல் காதிர் அவர்களின் பெயரே அது.

காதிர் என்ற பெயருடையவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள்பால் கொண்ட பற்றினால் நம் முன்னோர் அப்பெயரைச் சூட்டினர். அல்ஜீரிய அமீரின் தந்தையாரும் அந்தக் காதிரிய்யா தரீக்காவின் ஷைகாக விளங்கியவர். அவர் பெயரே முஹ்யித்தீன்தான். ஆக, கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வழங்கும் அதே பெயர், அதே அன்பின் வழியாக அல்ஜீரியாவின் மஸ்கரா நகருக்குச் சென்று, அங்கிருந்து அயோவாவின் காட்டுக்குள் புகுந்திருக்கிறது. எப்படிப் புகுந்தது என்பதை அறிய, அந்தக் கவுன்டியின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

கவுன்டி என்பதை நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்டதெனக் கொள்ளலாம். அயோவாவில் அவை 99 உள்ளன. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர், அத்தலைநகரில் ஒரு நீதிமன்ற மாளிகை. பெயர்தான் நீதிமன்றம். நிலப் பத்திரம் பதிவதும், வரி கட்டுவதும், திருமண உரிமம் பெறுவதும், இறந்தவரின் சொத்தைப் பிரிப்பதும் அங்கேதான். குதிரை வண்டியில் புறப்பட்ட உழவன் அங்கு வேலையை முடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும்படி கவுன்டியின் பரப்பு அளவிடப்பட்டது என்பர்.

கிளேட்டன் கவுன்டி 1837-ஆம் ஆண்டு டிசம்பரில், அப்பகுதி விஸ்கான்சின் ஆட்சிப்பகுதிக்குள் அடங்கியிருந்தபோது வகுக்கப்பட்டது. டெலவேர் மாநிலத்துச் செனட்டர் ஜான் கிளேட்டனின் பெயர் அதற்கு இடப்பட்டது.

ஆனால் வரைபடத்தில் கோடு கிழிக்கப்படுவதற்கு முன்னும் அம்மண் வெறுமையாய்க் கிடக்கவில்லை. மிஸிஸிப்பியை நோக்கிய குன்றுகளின் மீது, கரடிகளின் வடிவிலும் பறவைகளின் வடிவிலும் பழங்குடி மக்கள் எழுப்பிய மண்மேடுகள் இன்றும் உள்ளன. 1949-ஆம் ஆண்டு முதல் அவை தேசிய நினைவிடமாகக் காக்கப்பட்டு வருகின்றன. பின்னர் ஸாக், மெஸ்க்வாக்கி மக்கள் அந்நிலப்பரப்பில் வாழ்ந்தனர். 1832-ஆம் ஆண்டில் பிளாக் ஹாக் என்ற ஸாக் தலைவர், பறிபோன தம் ஊருக்குத் திரும்ப முயன்று, பெண்டிர் பிள்ளைகளோடு ஆற்றைக் கடந்தார். அமெரிக்கப் படை அவர்களைத் துரத்தியது. ஆகஸ்டு மாதத்தில், கிளேட்டன் கவுன்டிக்கு வடக்கே ஆற்றங்கரையில் நடந்த படுகொலையோடு போர் முடிந்தது. அதே மாதத்தில் அவர் சரணடைந்த பிரேரி டு ஷீன், இக்கவுன்டிக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டு, ஆற்றின் மேற்கே சுமார் 60 லட்சம் ஏக்கர் நிலம் வெள்ளையர் கைக்கு மாறியது. கவுன்டியின் தென்பகுதி அதில் அடங்கும்.

அதே 1832-ஆம் ஆண்டு நவம்பரில், கடலுக்கு அப்பால், 24 வயது இளைஞர் ஒருவரின் கரம்பற்றி மஸ்கரா வட்டாரத்துக் குலங்கள் பைஅத் செய்தன. இரண்டாண்டுகளுக்கு முன் அல்ஜியர்ஸைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரரை எதிர்க்க அவர்கள் தேர்ந்த அமீர்தான் அப்துல் காதிர். அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஐரோப்பாவின் வலிமைமிக்க படையொன்றை அவர் அலைக்கழித்தார். 1837-ஆம் ஆண்டில், அதாவது கிளேட்டன் கவுன்டி பிறந்த அதே ஆண்டில், டாஃப்னா உடன்படிக்கையின் மூலம் அல்ஜீரியாவின் உள்நாட்டில் பெரும்பகுதி அவர் ஆட்சிக்குட்பட்டது எனப் பிரான்ஸே ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் நீடிக்கவில்லை.

அவர் புகழ் அமெரிக்கச் செய்தித்தாள்களிலும் பரவியது. ஆங்கிலேயப் பேரரசை எதிர்த்து நின்ற தம் பாட்டன்மாரை மறவாத அமெரிக்கர், பிரெஞ்சுப் பேரரசை எதிர்த்து நின்றவரை வியந்தனர். அவ்வாறு வியந்தவர்களுள் ஒருவர் திமோத்தி டேவிஸ் என்னும் வழக்கறிஞர். 1846-ஆம் ஆண்டில், ஜான் தாம்ஸன், செஸ்டர் சேஜ் என்ற இருவரோடு சேர்ந்து டர்க்கி ஆற்றின் கரையில் மாவு ஆலையும் அதைச் சுற்றி ஊரும் அமைக்கத் திட்டமிட்ட டேவிஸ், தம் ஊருக்கு அந்த முஸ்லிம் தலைவரின் பெயரைச் சூட்டினார். அமீர் அப்போதும் போர்க்களத்தில்தான் இருந்தார். டேவிஸ் பின்னாளில், 1857 முதல் 1859 வரை, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார்; 1872-ஆம் ஆண்டில் எல்காடரிலேயே மறைந்தார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல என் மனம் ஒப்பவில்லை. அந்நியரிடமிருந்து தம் மண்ணைக் காக்கப் போராடிய ஒருவரின் பெயரை எடுத்துச் சூட்டியவர்கள், மண்ணை இழந்த ஒரு மக்களின் நிலத்தின் மீதல்லவா நின்றுகொண்டிருந்தார்கள்? ஹோ-சங்க் பழங்குடியினர் அயோவாவிலிருந்து வெளியேற்றப்பட்டது 1848-ஆம் ஆண்டில், எல்காடர் பிறந்து இரண்டே ஆண்டுகளில். தொலைவிலுள்ள வீரனைப் போற்றுதல் எளிது. டேவிஸின் அன்பு பொய்யென்று நான் கூறவில்லை; அது எட்டிய எல்லையைக் கூறுகிறேன்.

இனி, தலைநகர்ப் பூசல். கவுன்டித் தலைநகர் எதுவோ அந்த ஊரில்தான் வழக்கறிஞர் குடியேறுவர், விடுதிகள் பெருகும், நிலத்தின் விலை ஏறும். எனவே ஊர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டன. மிஸிஸிப்பித் துறைமுகமான பிரேரி லா போர்ட் முதல் தலைநகர். ஜெர்மானியர் குடியேறியபின் அச்சுக்கலை தந்த குட்டன்பர்க்கின் பெயரை அது ஏற்றது. பிறகு தலைமை உள்நாட்டு ஊரான கார்னவில்லோவுக்குச் சென்றது. பின் எல்காடரும் குட்டன்பர்க்கும் வாக்குப்பெட்டியின் வழியே அதை மாறி மாறி இழுத்தன. ஆற்றங்கரை ஊருக்கு வாணிகம் இருந்தது. எல்காடருக்கோ கவுன்டியின் நடுவே அமைந்த இருப்பிடம் இருந்தது. கடைசியில் நடுவிடமே வென்றது. 1860-களிலும் 1870-களிலுமாக எழுந்த செங்கல் மாளிகை, கடிகாரக் கோபுரத்தோடு இன்றும் அங்கே நிற்கிறது. 1976-ஆம் ஆண்டில் அது தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. அருகே 1889-ஆம் ஆண்டில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய இரட்டை வளைவுப் பாலமும் ஊருக்குப் பெருமை.

அம்மாளிகையில் அடுக்கியுள்ள நிலப் பதிவேடுகளின் வழிமுறையையும் அறிதல் நன்று. 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் முழுவதும் ஆறு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 36 கூறுகள். ஒவ்வொரு கூறும் 640 ஏக்கர். பதினாறாம் கூறு பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஏக்கர் ஒன்றேகால் டாலர். பெரும்பாலான பத்திரங்களைப் பின்னோக்கித் தேடினால் அவை அமெரிக்க அரசு விற்றதில் போய் நிற்கும். அதற்கு முந்திய உரிமையாளரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இராது.

அமீரின் வாழ்வு அப்பால் எவ்வாறு சென்றது என்பது பலரும் அறிந்ததே. 1847-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வாள் தாழ்த்தினார். கீழ்த்திசைக்கு அனுப்புவோம் என்று தந்த வாக்கை மீறிப் பிரான்ஸ் அவரை ஐந்தாண்டுகள் சிறைவைத்தது. விடுதலையான பின் திமிஷ்கில் குடியேறினார். 1860-ஆம் ஆண்டு ஜூலையில் அந்நகரில் கலவரம் மூண்டு கிறிஸ்தவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டபோது, தம் அல்ஜீரியத் தோழர்களோடு தெருவில் இறங்கி, ஆயிரக்கணக்கானோரைத் தம் இல்லத்திலும் கோட்டையிலும் காத்தார். தம்மைச் சிறையிட்ட நாட்டின் தூதரக மக்களும் அவர்களுள் இருந்தனர். ஆப்ரகாம் லிங்கன் அவருக்குக் கைத்துப்பாக்கிகளைப் பரிசாக அனுப்பினார். 1883-ஆம் ஆண்டில் மறைந்த அமீர், இப்னு அரபி அவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். சுதந்திர அல்ஜீரியா 1966-ஆம் ஆண்டில் அவருடைய உடலைத் தாயகத்துக்கு எடுத்துச் சென்று மரியாதை செய்தது. பிளாக் ஹாக்கிற்கோ அந்தப் பேறு கிட்டவில்லை. 1838-ஆம் ஆண்டில் இறந்த அவரது கல்லறை தோண்டப்பட்டு எலும்புகள் திருடப்பட்டன. மீட்கப்பட்டவை பர்லிங்டன் நகரில் 1855-ஆம் ஆண்டு நேர்ந்த தீயில் அழிந்தன என்பர்.

கவுன்டியின் செழிப்பு நாளடைவில் தேய்ந்தது. 1900-ஆம் ஆண்டில் 27,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்த இடத்தில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 17,000 பேரே இருந்தனர். இயந்திரம் வந்தது, பண்ணைகள் பெரிதாயின, பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றனர். ஊரின் பெயர்க் காரணமும் மெல்ல மங்கியது. 1984-ஆம் ஆண்டில் எல்காடரும் மஸ்கராவும் சகோதர நகரங்களாயின; அதன்பின் அல்ஜீரியர் வருவதும் எல்காடர் மக்கள் மஸ்கரா செல்வதும் தொடங்கின. அமீரின் வாழ்வைப் பற்றி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்தும் கல்விப் பணியும் அவ்வூரிலிருந்து எழுந்தது. 2008-ஆம் ஆண்டு ஜூனில் டர்க்கி ஆறு அதுவரை காணாத அளவுக்குப் பெருகி, ஊரின் வீடுகளையும் கடைகளையும் மூழ்கடித்தது. அப்போது அமீரின் பெயரைத் தாங்கிய அந்த ஊருக்கு அல்ஜீரிய அரசு நிவாரணப் பணம் அனுப்பிற்று.