நிலையாமையும் தோட்டத்துத் தமிழரின் எழுத்தும்

தமிழிலக்கணம் நிலையாமையைப் பாடுவதற்கென்றே காஞ்சி என்னும் திணையை வகுத்தது. தலைவனை இழந்தவர் செயலற்று நின்று இரங்கும் கையறுநிலைத் துறையும், வீழ்ந்த வீரனின் பெயரைப் பொறித்து நிறுத்தும் நடுகல் வழக்கமும் சங்க காலத்திலேயே வேரூன்றியிருந்தன. ஆயினும் திருக்குறளில் நிலையாமை 34ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் அமைய, அதனை அடுத்தே துறவு என்னும் அதிகாரம் வருவதாலோ என்னவோ, சாவைப் பற்றிச் சிந்திப்பது உலகை விட்டு விலகுவதற்கான முதற்படி என்ற எண்ணம் கற்றவரிடையே நிலைத்துவிட்டது. மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த தமிழரின் வழக்கங்களை நோக்குவோர்க்கு இவ்வெண்ணம் முழுமையானதாகத் தோன்றாது.

தொழிலாளர் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த வரிசை வீடுகளாகிய லயங்களில் சாவு நேர்ந்தால், பெண்கள் வட்டமாக அமர்ந்து மாரடித்துப் பாடும் ஒப்பாரியில் மறுவுலகத்தைவிட இவ்வுலகமே மிகுதியாக இடம்பெற்றது. விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடியது, காண்டாக் கம்பின் இருபுறமும் பால் வாளி சுமந்து தோள் காய்த்தது, பிள்ளைக்கென ஒளித்துவைத்த பலகாரம், தீராமல் போன அண்ணன் தம்பிச் சண்டை என ஒரு வாழ்வின் கணக்கு முழுவதும் அழுகையினூடே சொல்லப்பட்டது. கற்றோர் நாட்டார் வழக்கென ஒதுக்கிய இப்பாடல் உண்மையில் தோட்டத்து மக்களின் வாழ்க்கை வரலாற்று இலக்கியமே ஆகும். எழுதி வைப்பார் இல்லாமையால் பாடியவரோடு அதுவும் மறைந்தது.

எழுதப்பட்ட சாவுகளும் இம்மாநிலத்தில் உண்டு. ஜப்பானியருக்கு எதிரான 1941–42 மலாயாப் போரில் மாண்ட வீரர்க்குத் தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கல் நடப்பட்டுள்ளது. அடையாளம் காணப்படாதவர்க்கும் கல் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அதே தோட்டங்களில் பால் வெட்டியவர்களோ மரங்களுக்கு அப்பால் மண்மேட்டின் கீழ்ப் புதைக்கப்பட்டனர். ரப்பருக்குப் பதில் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது அம்மேடுகள் பலவும் அடையாளம் இழந்தன. 1942–43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் மடிந்த 12,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளில் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு அங்கேயே மாண்ட தமிழர்க்கு முறையான பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் அந்தப் பட்டியல் செய்திருக்க வேண்டிய பணியில் ஒரு பகுதியையேனும் தம் தோளில் ஏற்றன.

ஒப்பாரி, சாவுக்குப் பின் பிறர் சொல்வது. எழுத்தோ இருப்பவரே தம் முடிவை முன்வைத்துத் தம் வாழ்வைப் பார்க்க இடமளிப்பது. கனடா நாட்டு மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் வகுத்த கண்ணியச் சிகிச்சை இவ்வடிப்படையில் அமைந்ததாகும். நோய் முற்றியவரிடம் எவை முக்கியமாயிருந்தன, யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பன போன்ற வினாக்களைக் கேட்டுப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவருக்கே படித்துக் காட்டித் திருத்தியபின் குடும்பத்தாரிடம் அளிப்பது அதன் முறை. இச்சிகிச்சை குறித்து 2005இல் வெளியான ஆய்வில் பங்கேற்ற 100 நோயாளிகளில் 47 விழுக்காட்டினர் தங்கள் வாழும் விருப்பம் மிகுந்ததாகக் கூறினர். சாவை நேர்கொண்டு பேசியவர்களே இவ்வாறு கூறினர் என்பது ஆழ்ந்து கருதத்தக்கது. மனத்தில் உறுத்தலாகக் கிடந்த கடனும் மனத்தாங்கலும் எழுத்தில் வந்ததும், இன்னும் தீர்க்கத்தக்க செயல்களாகத் தெரிகின்றன. தீர்ப்பதற்கு நாளும் மிச்சமிருக்கிறது.

ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும், சிறு வயதிலேயே பள்ளியை விட்டுப் பால் வெட்டப் போன முதியவர்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் தாமே எழுத இயலாதெனின் பேரப்பிள்ளைகள் எழுதலாம். எந்தத் தோட்டம், பால் வெட்டிய மர நிரை எது, யார் எங்கே புதைக்கப்பட்டார், யாரிடம் சொல்லாத சொல் எது, இனி என்ன செய்ய ஆசை எனக் கேட்டு எழுதி, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுதல் வேண்டும். இதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் இப்பணியை இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும்.