வடமலையப்பர் சென்ற வழி

திருச்செந்தூர்ச் சண்முகப் பெருமான் திருவுருவை 1648ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் கவர்ந்தேகியதும், நெல்லைச்சீமையை நாயக்கர் சார்பில் ஆண்ட வடமலையப்ப பிள்ளையவர்கள் அதனைக் கடலினின்றும் மீட்டதும் சைவவுலகம் நன்கறிந்த செய்திகள். அவர் செந்தூர்க்குச் சென்ற வழி யாது என்பது ஆராயற்பாலது.

ஆராயப் புகுவார் நெல்லையப்பர் சந்நிதியினின்று புறப்பட்டுப் பொருநைக்கரை வழியே முறப்பநாடு, திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்னும் ஊர்களைக் கண்டு செந்தூரடைதல் முறையாம். ஆங்கு அவர் பெயரால் விளங்கும் மண்டபம் முதற்கண் காணத்தக்கது. கல்வெட்டுச் செய்தியையும் செவிவழிச் செய்தியையும் வேறு வேறாகக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கொல்லமாண்டு ஆவணியிற் பிறத்தலின், 829ஆம் ஆண்டுத் தைத்திங்கள் 1653இல் அன்று, 1654இல் வீழும். கனவும் எலுமிச்சங்கனியும் கருடனும் அடியார் அன்பிற்கு உரியன. ஆண்டும் திங்களும் காலக்கணிப்பிற்கு உரியன. ஒன்றாற் பிறிதொன்றைக் குலைத்தல் தகாது. கல்லெழுத்துச் சிதையுமுன் இப்பணி செய்தல் நம்மவர் கடன்.