அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு: எதனால் போகும், எதனால் போகாது

நோன்பு மாதம் முடிந்து பெருநாள் வேலைகளும் ஓய்ந்த பிறகு, அடுப்புக்கு மேலே உள்ள டைல்ஸைத் தொட்டுப் பாருங்கள். விரல் ஒட்டும். முப்பது நாளும் சமோசாவும் வடையும் பொரித்த எண்ணெய், புகையோடு மேலே போய்ச் சுவரிலும் சிம்னியிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையிலும் படிந்திருக்கும். மூலக்குளம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் குசினி சிறியதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நேற்றுத் தெறித்த எண்ணெய் வேறு, மூன்று மாதப் பிசுக்கு வேறு. புதிய எண்ணெய் பாத்திரம் கழுவும் சோப்புக்கே போய்விடும். பழையதோ சூடும் காற்றும் பட்டுப் பட்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வார்னிஷ் போல இறுகிவிடுகிறது. மரச்சாமான்களுக்கு ஆளி விதை எண்ணெய் பூசிப் பளபளப்பு ஏற்றுகிறார்களே, அதே வேலைதான் நம் சுவரிலும் நடக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் இப்படிச் சீக்கிரம் இறுகும். கடலை எண்ணெய் சற்றுத் தாமதம். தேங்காய் எண்ணெய் அநேகமாக இறுகுவதே இல்லை.

இறுகிய பிசுக்கை உடைப்பது காரம். காரம் எண்ணெயோடு சேர்ந்தால் எண்ணெயே சோப்பாக மாறிக் கரைகிறது. ஆங்கிலத்தில் காரத்துக்கு வழங்கும் ‘அல்கலி’ என்பது ‘அல்-கிலீ’ என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது. உவர் நிலத்துச் செடிகளை எரித்துக் கிடைக்கும் சாம்பலுக்கு அந்தப் பெயர். நம் கடலோரத்து உமரிக்கு உறவான செடிகள் அவை. அந்தக் காரத்தையும் ஒலிவ எண்ணெயையும் கொண்டுதான் அலெப்போவிலும் நாப்லஸிலும் சோப்புக் காய்ச்சினார்கள். அந்த இரண்டு ஊர்ச் சோப்புத் தொழிலையும் 2024இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலால் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்ததும் இதே கணக்குத்தான்.

இன்று அந்த இடத்தில் இருப்பது சலவை சோடா. மளிகைக் கடையில் மூன்று சோடாக்கள் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆப்ப சோடா மென்மையான காரம். தேய்ப்பதற்கு உதவும், பழைய பிசுக்கைக் கரைக்காது. சலவை சோடா அதைவிட வலுவானது, வீட்டுக்கு அது போதும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரித்துவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வாங்கி வைக்கவே கூடாது என்பது நமது கருத்து.

ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்க விடும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. பொங்குவது பார்க்க அழகு. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடுகின்றன. மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர்தான். வினிகரும் எலுமிச்சையும் குழாயில் படியும் உப்புக் கறைக்கு நல்லவை, எண்ணெய்க்கு அல்ல.

செய்முறை இதுதான். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா, சில சொட்டுப் பாத்திர சோப்பு. கையுறை அவசியம். ஸ்டீல் சிம்னி ஃபில்டரை இதில் அரை மணி நேரம் ஊற விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். சுவர் டைல்ஸ் என்றால் துணியை நனைத்துப் பத்து நிமிடம் ஒட்டி வைத்து, பிறகு துடைக்க வேண்டும். பலர் ஊற விடாமல் முழங்கை வலிக்கத் தேய்க்கிறார்கள். நேரம் கொடுத்தால் பாதி வேலை தானே நடக்கும். கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைக்கவும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் சாதாரண சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும்; சலவை சோடா அந்தக் கடினத்தையும் குறைக்கும்.

அலுமினியத்தில் மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். வலைபோல இருக்கும் அலுமினிய ஃபில்டர் கறுத்து அரிக்கப்படும். அதற்குச் சுடுதண்ணீரும் பாத்திர சோப்புமே போதும். சன்மைக்கா அலமாரிக் கதவில் ஒட்டும் பிசுக்குக்கு ஒரு துளி சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் இளகும். உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். கண்ணாடி அடுப்பில் கம்பி நார் போடாதீர்கள், கீறல் நிரந்தரம். ஃபேன், சிம்னி, மிக்ஸி எதுவானாலும் முதலில் மின்சாரம் துண்டிக்க வேண்டும். கேஸ் அடுப்பு என்றால் ரெகுலேட்டரை அணைக்க வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கொண்டு துடைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அடுப்புக்கு அருகே அது வேண்டவே வேண்டாம்.

கையில் இறுகிய பிசுக்கு அடையாக ஒட்டியிருந்தால் ஒளுவுக்கு முன் அதை நீக்கிவிட வேண்டும், தண்ணீர் தோலில் படாது. வெறும் எண்ணெய்ப் பசை மட்டும் இருந்து அதன் மேல் தண்ணீர் ஓடினால் குற்றமில்லை.

கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

இனி சாக்கடை. சுடச்சுட ஊற்றிய எண்ணெய் குழாய்க்குள் ஆறிக் கட்டியாகும், சோற்றுப் பருக்கையும் அதில் ஒட்டும். தேங்கிய கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அங்கே ஆசிட் ஊற்றினால் அது இன்னும் வேகமாக வெளியேறும். நமக்குப் பக்கத்திலேயே, ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11 அன்று பாதாளச் சாக்கடை வாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு அடுப்படி எண்ணெய் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாக்கடைக்குள் எதை ஊற்றுகிறோம் என்று பார்த்து ஊற்ற அந்த ஒரு நாள் போதும். சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் வாயுவைத் தடுக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அதைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடச் சொல்லாதீர்கள்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டுப் பழைய பாட்டிலில் சேருங்கள். சட்டியில் ஒட்டியிருப்பதைச் செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகு கழுவுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய ரூகோ திட்டத்தில், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்குகிறார்கள். பெரும்பாலும் ஹோட்டல்களில்தான் எடுக்கிறார்கள் என்றாலும், நோன்பு நாட்களில் பள்ளிவாசல் நிர்வாகம் பத்து வீட்டு எண்ணெயை ஒரே டின்னில் சேர்த்தால் பேசிப் பார்க்கலாம்.